நீங்கள் என்ன ஆக்கள்? – திருகோணமலை நாட்குறிப்பு

முதல் நாள், வியாழன்

காலை ஐந்தரைக்கு ஹட்டனில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டியில் பஸ் மாறி, தம்புள்ளை தாண்டும்போது அது மடியில் கிடந்தது. ஹபரணையில் பைக்குள் போய்விட்டது. இனி ஊர் திரும்பும்வரை அதற்கு வேலை இல்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் திருகோணமலையில் ஆசிரியர். அவரும் சிலரும் சேர்ந்து சனிக்கிழமை ஒரு கலந்துரையாடல் வைக்கிறார்கள். தலைப்பு, ‘இனவாதமும் காலனித்துவம் விட்டுச் சென்றவையும்’. “நீ வரலாறு படிப்பிக்கிறவன், பள்ளி விடுமுறைதானே, வந்து ஒரு மூலையில் இரு” என்றார். மூலையில் இருக்கவா ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கடலும் பார்க்கலாம் என்றேன்.

பக்கத்தில் இருந்த முதியவர் கந்தளாய்க்குப் போகிறவர். “டவுனா, கொலனியா?” என்று கொண்டக்டர் கேட்டார். “கொலனி” என்றார் அவர். அந்தச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. கூட்டத்தின் தலைப்பில் இருக்கிற காலனி வெள்ளைக்காரனுடையது. இந்தப் பாதையில் கொலனி என்றால், குளத்துத் தண்ணீரை நம்பி அரசாங்கம் ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய இடம். கந்தளாயிலும் அல்லையிலும் சுதந்திரத்துக்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. தமிழில் இதையும் குடியேற்றம் என்கிறோம், அதையும் குடியேற்றம் என்கிறோம். முதியவரிடம் கேட்டால் அது அவர் அப்பாவுக்குக் காணி கிடைத்த கதை. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களிடம் கேட்டால் மாவட்டத்தின் கணக்கு மாறிய கதை. கணக்கு என்று சொன்னது உண்மையான கணக்கைத்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் சோனகர், அதாவது முஸ்லிம்கள், ஏறக்குறைய 40 சதவீதம், இலங்கைத் தமிழர் 30, சிங்களவர் 27. இந்த ஊரில் தேர்தல் பற்றியோ காணி பற்றியோ வாய் திறக்கிற எவருக்கும் இந்த மூன்று எண்களும் மனப்பாடம்.

முதியவர் இறங்கும்போது எனக்கு ஒரு மாம்பழம் தந்துவிட்டுப் போனார். சிங்களத்தில் நன்றி சொன்னேன். “நல்ல மாம்பழம், சாப்பிடுங்க” என்று தமிழில் பதில் வந்தது.

லொட்ஜ் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. முதலாளி வாசலில் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

“தம்பி எவடம்?”

“ஹட்டன்.”

“டவுனோ?”

“டவுனுக்குப் பக்கத்தில்.”

“பக்கத்தில எண்டால்?”

“தோட்டம்.”

“ஓ.”

தேயிலைத் தோட்டத்துத் தமிழன் என்று தெரிந்ததும் வருகிற அந்த ‘ஓ’வை நான் யாழ்ப்பாணத்தில் கேட்டிருக்கிறேன், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானமாக, “நல்ல சனம். முந்தி எங்கட வீட்டில வேலைக்கு நிண்ட பிள்ளையும் அங்கால இருந்துதான் வந்தது” என்றார். பிறகு, “தோட்டத்திலயும் நீங்கள் என்ன ஆக்கள்?” என்று அடுத்த படிக்கு இறங்கினார். சாதியை நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. “மேசையில் இருந்து படிக்கிற, படிப்பிக்கிற ஆக்கள்” என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பொடியன் பெரிய கொப்பி ஒன்றை நீட்டினான். கையால் கோடு போட்ட கட்டங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, இனம், வந்த காரணம். யுத்த காலத்தில் பொலிசுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கியதாம். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கொப்பி முடிந்து புதுக் கொப்பி வாங்கினால் பழைய கட்டங்களையே பார்த்துக் கோடு போடுகிறார்கள். இனத்தை வெறுமையாக விட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘கடல்’ என்று எழுதினேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

கோணேசர் கோயில் இருக்கிற கோட்டைக்குள் போனதும் முதலில் வரவேற்றவை மான்கள். ஊர் மாடு போலத் திரிகின்றன. ஒன்று என் பையில் வாழைப்பழம் இருப்பதைக் கண்டுபிடித்துக் கோயில் ஏற்றம்வரை பின்னால் வந்தது.

கோட்டை வாசலில், கதவு நிலையாக நிறுத்திய கல்லில் இரட்டை மீன் இருக்கிறது. பாண்டியர் சின்னம். அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்து. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்குகிற பாட்டு. குளக்கோட்டன் கோயிலைக் கட்டிய அரசன் என்பது மரபு, இங்கே பறங்கி என்பது போர்த்துக்கேயன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறபோது இதை ஒரு தகவலாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. கோயிலைப் பிரித்த செய்தியைச் சொல்லும் கல், பிரித்தவன் கட்டிய கோட்டைக்கே வாசற்படிக் காவல். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை 1622-இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள். 1639-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 இந்தக் கோட்டைக்கு ஒரு பைத்தியக்கார ஆண்டு: தையில் ஆங்கிலேயர், ஆவணியில் பிரெஞ்சுக்காரர். பிறகு ஒப்பந்தப்படி மறுபடி ஒல்லாந்தருக்கு. 1795-இல் மறுபடி ஆங்கிலேயர். 1803-இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். அந்த மனிதர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்தவரில்லை.

அந்தப் பாட்டு முழுமையாகச் சொல்லப்படும்போது இன்னும் மூன்று பேர் வருவார்கள்: பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன். யார் ஒல்லாந்தர், யார் ஆங்கிலேயர், மூன்றாமவர் யார் என்று ஆளுக்கொரு பொருத்தம் சொல்வார்கள். எனக்குப் பொருத்தத்தைவிட அந்தப் பெயர்கள் சுவாரசியம். அவர்கள் நம்மை மலபார் என்றும் சோனகனை மூர் என்றும் பதிந்துகொண்டிருந்த காலத்தில், நாம் அவர்களைக் கண்ணின் நிறம் பார்த்து வகுத்து வைத்திருக்கிறோம். என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், இதைச் சொன்னால் உடனே கை தூக்குவாள்: “அப்போ நாங்களும் இனவாதிகளா சேர்?” உன் காணியைப் பிடுங்கியவனுக்குப் பட்டப்பெயர் வைப்பது வேறு, பட்டப்பெயர் வைத்துக் காணியைப் பிடுங்குவது வேறு என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அந்தப் பதில் எனக்கே முழுதாகப் போதவில்லை. ஏன் என்று கீழே வருகிறது.

கோயில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். இப்போதிருக்கும் கோயில் 1963-இல் குடமுழுக்குக் கண்டது. 1950-இல் கிணறு வெட்டும்போது கிடைத்த வெண்கலத் திருமேனிகள் உள்ளே. இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவை எட்டிப் பார்த்தேன், தலை சுற்றியது, வந்துவிட்டேன்.

இறங்கும் வழியெல்லாம் கடைகள். முன்னால் போன வெள்ளைக்காரத் தம்பதியைப் பையன்கள் “மேடம், சேர்” என்று அழைத்து, குந்துவதற்கு வாங்கு போட்டார்கள். பின்னால் தனியாக ஒரு கறுப்பு இளைஞர் வந்தார். அவரும் சுற்றுலாப் பயணிதான், கழுத்தில் நல்ல கமரா. பையன்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்து, ‘காப்பிலி’ என்றார்கள். அவருக்கு விளங்காது என்ற தைரியம். அவர் திரும்பி, பொதுவாக ஒரு புன்னகை செய்துவிட்டு நடந்தார். நானும் ஒன்றும் சொல்லாமல் நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், சனி

கூட்டம் உவர்மலையில் ஒரு சின்ன மண்டபத்தில். ஓர்ஸ் ஹில் என்று பலகையில் இருக்கும், ஓட்டோக்காரருக்கு உவர்மலை என்றால்தான் உடனே தெரியும். நாற்பது பேர் இருக்கலாம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கச்சேரி உத்தியோகத்தர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்து ஐந்தாறு பேர், சீனக்குடாப் பக்கத்திலிருந்து இரண்டு சிங்கள ஆசிரியர்கள். மேலே இரண்டு மின்விசிறி, ஒன்று சத்தம் மட்டும் போட்டது.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற அதிபர். மணியான பேச்சு. அவர் சொன்னதன் சாரம் இது. 1833-இல் சட்டவாக்க சபையை அமைத்தபோது உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர்களை வெள்ளைக்காரன் இனத்தின்படி நியமித்தான்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், ஐரோப்பியரின் வழிவந்த பறங்கியர் ஒருவர். ஆசனம் வேண்டுமென்றால் இனமாகத் திரண்டு போய்க் கேட்க வேண்டும் என்ற பாடத்தை அன்றே படிப்பித்துவிட்டான். 1871-இல் முதல் குடிசன மதிப்பீடு எடுத்தபோது இருபதுக்கு மேற்பட்ட இனங்களைக் கண்டுபிடித்தவன், பத்தே வருடத்தில் அவற்றை ஏழாகச் சுருக்கினான். 1901-இல் சிங்களவரைக் கரையோரம், கண்டி என்று இரண்டாக வெட்டினான். 1911-இல் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வெட்டினான். “இண்டைக்கு நாங்கள் சண்டை பிடிக்கிற வேலியெல்லாம் அவன் போட்ட வேலி” என்று முடித்தார். நல்ல கைதட்டல்.

சிங்கள ஆசிரியர்களில் ஒருவர் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினார். தமிழில் பேசியதற்கே பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘நாம் ஆரியர்’ என்று சொல்லித் தந்ததாகச் சொன்னார். ஆரியம் என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். அதை இரத்தத்தின் பெயராக்கியதில் ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பங்குண்டு, அவர்களில் பெரியவரான மக்ஸ் முல்லரே 1888-இல் ஆரிய மண்டையோடு என்று பேசுவது அபத்தம் என்று எழுத வேண்டி வந்தது என்றார். “அவர் திருத்தினார். நாங்கள் திருத்தவில்லை.” பிறகு சிரித்துக்கொண்டு, “உங்களுக்கும் திராவிடம் இருக்குத்தானே” என்றார். கால்டுவெல் 1856-இல் மொழிக்கு வைத்த பெயர் நமக்குள் எங்கெங்கே போயிருக்கிறது என்று யோசித்தால் அந்தச் சிரிப்பு நியாயம்தான்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா ‘மூர்’ என்ற சொல்லை எடுத்தார். மொரோக்கோப் பக்கத்து முஸ்லிம்களோடு சண்டை போட்ட போர்த்துக்கேயன், கடல் தாண்டி வந்த இடமெல்லாம் தொப்பியைக் கண்டவனை மூர் என்றான். “எங்கட வாப்பா மொரோக்கோவ வரைபடத்திலயும் கண்டதில்ல. ஆனா பிறப்புச் சான்றிதழ்ல அதுதான் கிடக்கு.” சபை சிரித்தது. அடுத்து அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர்தான், மதம் மட்டுமே வேறு என்று ஆய்வுக் கட்டுரை வாசித்தார். சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் கொடுப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மறுவருடம் ஆசனம் கொடுக்கப்பட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-இல் மறுத்து எழுதினார். “நீங்க எங்களத் தமிழர் எண்டதும் ஆசனத்துக்காக, நாங்க இல்ல எண்டதும் ஆசனத்துக்காக. வெள்ளைக்காரன் பெட்டியத்தான் செஞ்சான். உள்ளுக்கு ஏறிக் குந்தினது நாமதான்.”

பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி தாரா தேவி சிலையைப் பற்றிப் பேசினாள். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தப் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை, 143 சென்ரிமீற்றர் உயரம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது. 1818 ஊவாக் கிளர்ச்சியை நசுக்கிய ஆளுநர் பிரவுன்ரிக் 1830-இல் அதை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். யாருடைய பொருளை யார் யாருக்குக் கொடுப்பது? ஒல்லாந்து 2023 இறுதியில் கண்டி லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. அதே ஆண்டு அந்நாட்டு மன்னர் அடிமை வியாபாரத்துக்கு மன்னிப்புக் கேட்டார். லண்டன் எப்போது தரும் என்பது அவள் கேள்வி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “தந்தால் எங்க வைக்கிறது? கொழும்பிலயா, இங்கயா? அது ஆர்ட சாமி?” பதினைந்து நிமிடம் அதிலேயே போனது. மகாயான பௌத்தத்தின் பெண் தெய்வம், இந்துவும் அல்ல, இன்றைய தேரவாதமும் அல்ல. திருப்பித் தருவதற்கு முன்பே நமக்குள் வழக்கு ஆரம்பமாகிவிட்டது. லண்டன்காரன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

எல்லாவற்றுக்கும் பிறகு அதிபர், “வெள்ளையன் வர முதல் இப்பிடியொண்டும் இருக்கேல்லை” என்று மறுபடி தொடங்கினார். அப்போதுதான் நான் மூலையை விட்டு எழும்பினேன். 1707-இல் ஒல்லாந்தர் எழுதுவித்த, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது, எந்தச் சாதிக்காரர் அடிமை என்ற பட்டியலோடு. எழுதுவித்தவன் ஒல்லாந்தன். வழமை யாருடையது? சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844-இல், வெள்ளைக்காரனுடைய சட்டத்தால். அவனை நல்லவன் என்று சொல்லவில்லை. அதே காலத்தில்தான் எங்கள் முப்பாட்டன்களைக் கூலியாகக் கொண்டுவந்து கோப்பித் தோட்டங்களில் இருத்திக்கொண்டிருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1911-இல் வெள்ளைக்காரன் ‘இந்தியத் தமிழர்’ என்று கட்டம் போட்டான், சரி. 1948-இல் அந்தக் கட்டத்தை வைத்து எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தது வெள்ளைக்காரனுடைய அரசாங்கம் அல்ல. அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் தமிழரும் உண்டு. 1977 கலவரத்தில் என் பெரியப்பா குடும்பம் தோட்டத்தை விட்டு ஓடி வந்தது இந்த மாவட்டத்துக்குத்தான். காடு வெட்டி, கொட்டில் போட்டு, கடலை பயிரிட்டார்கள். அங்கே அவர்களை ‘தெமளோ’ என்று அடித்தார்கள். இங்கே ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள், அடிக்கவில்லை, ஒரே செம்பில் தண்ணீர் கொடுக்கவில்லை. “ஐயா, அந்தச் செம்பை எந்தக் கப்பலில் கொண்டுவந்தார்கள்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் பேசவில்லை. ஓடாத மின்விசிறியின் சத்தம் மட்டும். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து பிளேன்ரீ வந்தது. எல்லோரும் நிம்மதியாகக் கோப்பையை எடுத்தார்கள். நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன் என்று நண்பரின் முகத்தில் தெரிந்தது. அதிபர் போகும்போது என் தோளைத் தொட்டு, “தம்பி, நான் சொன்னதும் பொய்யில்லை” என்றார். உண்மைதான், பொய்யில்லை. வாசல்வரை அவரோடு நடந்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு

நண்பரின் மோட்டார் சைக்கிளில் பாலையூற்று. பறங்கியர் குடும்பங்கள் வாழ்கிற பகுதி. நண்பருக்குப் பழக்கமான ஒரு வயதான அம்மா, ஊருக்கெல்லாம் ‘அன்ரி’, பூசை முடிந்து வந்து பூப்போட்ட சட்டையோடு முற்றத்தில் இருந்தார். பறங்கியர் என்றால் வெள்ளையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம். அன்ரி என்னைவிடக் கறுப்பு. பிள்ளைகளில் ஒருவர் தச்சுவேலை, ஒருவர் வெளிநாட்டில்.

“எங்கட பாஷை அம்மம்மாவோட போயிட்டுது, மகன். செபமும் ரெண்டு பாட்டும்தான் மிச்சம்” என்றார். போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மட்டக்களப்பிலும் இங்கேயும் சில வீடுகளில்தான் இப்போது உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த மொழி எங்கே போனது என்று அவர் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். “நீ இருக்கிற கதிரை எங்கட. அந்த மேசை எங்கட. அலுமாரி, சாவி, ஜன்னல், சப்பாத்து, காலமை திண்ட பாண், எல்லாம் எங்கட.” கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தருடையவை என்று நண்பர் சேர்த்துக்கொண்டார். “அதுகளை அவங்களே வச்சிருக்கட்டும்” என்றார் அன்ரி.

பறங்கி என்று சொன்னால் கோபம் வருமா என்று கேட்டேன். ஐரோப்பியரைப் பொதுவாகக் குறிக்க அரபிகள் சொன்ன சொல்லின் வழி வந்தது, அதில் கெடுதல் ஒன்றுமில்லை. “கோபமில்லை. ஆனா வைத்தியரிட்ட ‘பறங்கிப்புண்’ எண்டு சனம் சொல்லேக்க கொஞ்சம் சுருக்கெண்டும். புண்ணுக்கு எங்கட பேரை வச்சிட்டாங்கள்.”

பேரன் உள்ளேயிருந்து வந்தான். பதினான்கு வயதிருக்கும். நெற்றியில் படிய வாரிய நேர்முடி. அன்ரியின் வீட்டுக்காரரின் தாய்வழியில் ஆபிரிக்க இரத்தம் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள், ஆங்கிலேயர் கோவாவிலும் வேறிடங்களிலும் விலைக்கு வாங்கிப் படைப்பிரிவில் சேர்த்தவர்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்தில் சிரம்பியடியில் ஒரு கிராமமாகவே இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் இப்படிக் கலந்து கரைந்திருக்கிறார்கள். பேரனுக்குப் பிறவியில் சுருட்டை முடி. வகுப்பில் ‘காப்பிலி, காப்பிலி’ என்று கூப்பிட்டு, முடிக்குள் பென்சிலைச் சொருகி விளையாடியிருக்கிறார்கள். மொட்டை அடித்துவிடச் சொல்லி அழுதானாம். இப்போது மாதா மாதம் சலூனில் போய் நேராக்கிக்கொண்டு வருகிறான். பணம் வெளிநாட்டு மாமா அனுப்புகிறார்.

அந்தச் சொல் அரபியில் ‘மறுப்பவன்’ என்ற பொருளில் தொடங்கி, போர்த்துக்கேயர் வாயில் கறுப்பன் என்றாகி இங்கே வந்து இறங்கியது. தென்னாபிரிக்காவில் அதே சொல்லால் ஒரு பொலிஸ்காரரைத் திட்டிய பெண்ணுக்கு 2018-இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். புத்தளத்து மக்களோ அதைத் தங்கள் சமூகத்தின் பெயராகவே சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. கோணேசர் ஏற்றத்துக் கடைப் பையன்களின் வாயிலும் இந்த வகுப்பிலும் அது வேறு சொல். இதைத்தான் நேற்று மண்டபத்தில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் செம்பைப் பற்றிப் பேச எழும்பியவனுக்கு, முந்தினநாள் கச்சான் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தது நினைவுக்கு வரவே இல்லை.

பேரனிடம் பாடசாலையில் பிடித்த பாடம் எது என்று கேட்டேன். ஆசிரியன் புத்தி. “ஜிம்னாஸ்டிக்” என்றான். அன்ரி, பறங்கியரின் ஆட்டப்பாட்டான காப்பிரிஞ்ஞா ஒன்றைக் கைதட்டிப் பாடிக் காட்டினார். அவன் உள்ளே போய்விட்டான்.

பின்னேரம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நண்பரும் நானும் நின்றோம். அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள், ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. ஒன்று 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்தது. கடற்படைத் தளத்தை 1957-இல் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் கடிதத்திலும் இந்தத் தாங்கிகள் வந்தன, 2022 ஜனவரியிலும் இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. “வெள்ளைக்காரன் போனான், தாங்கியைக் கேட்டு ஆள் வாறது நிக்கேல்லை” என்றார் நண்பர். எனக்கு அதில் அதிகம் சொல்ல இல்லை. இறால் வடை நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய வெட்டியது என்பது நம் கதை, இன்றும் அந்தியேட்டிக்கு ஆட்கள் வருகிறார்கள். 2019-இல் இங்கே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டைப் பற்றிப் பெரிய பிரச்சினை நடந்து நீதிமன்றம்வரை போனது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டேன். சிங்களம், தமிழ், ஒரு ஜெர்மன்காரர், எல்லோரும் ஒரே மாதிரி ‘ஆ’ என்று கத்தினோம்.

அங்கிருந்து வெல்கம் விகாரை. நான் இந்தப் பயணத்தில் பார்க்க ஆசைப்பட்ட இடம் இதுதான். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் நாதனார் கோவில் என்றும் சொல்லி வந்தார்கள். இந்த பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் தானம் கொடுத்தவர்கள் அதைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அனுராதபுரத்தை அழித்தவர்கள் என்று ஒரு பக்கம் திட்டும் அதே சோழர் காலம்.

செங்கல் மேடு, தலையிழந்த தூண்கள், நிற்கிற புத்தர், நல்ல நிழல். குருநாகலிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்றது. சின்ன மகன் எழுத்தைக் காட்டி, “மேக தெமளத?” என்று தகப்பனிடம் கேட்டான். தமிழா என்று. “இல்லை, பழைய எழுத்து” என்றார் தகப்பன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சிங்களத்தில் சொன்னேன்: தமிழ்தான், சோழர் காலத்து எழுத்து, இதோ இது ப, இது ர. தமிழர்கள் இந்த விகாரைக்குத் தானம் கொடுத்த விபரம்.

அவர் மரியாதையாகக் கேட்டார். “அப்போ அவர்கள் பௌத்தர்களா?”

“ஆம்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ சிங்களவர்தானே.”

கோபமாகவோ கிண்டலாகவோ சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்த்து விடை சொன்னவர் போலச் சொன்னார். பையன் மட்டும் ‘ப’வின் மேல் விரலை வைத்துக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான்.

இரவு நண்பர் வீட்டில் பிட்டும் மீன் குழம்பும் கிண்ணியா எருமைத் தயிரும். அயல்வீட்டு அண்ணர் ஒருவர் வந்திருந்தார், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். பகல் நடந்ததைச் சிரிப்பாகச் சொன்னேன். தானம் கொடுத்த தமிழர்கள் பௌத்தர்கள் என்றதும் அவர் கையில் பிட்டோடு நிறுத்தினார்.

“அப்ப அவை தமிழர் இல்லைத்தானே?”

நண்பர் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தார். அண்ணருக்கு என்ன பகிடி என்று விளங்கவில்லை, தயிரைப் போட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள், செவ்வாய் காலை

ஐந்து மணிக்கே எழும்பிக் கடற்கரையில் நடந்தேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 2006 ஜனவரி 2 அன்று மாணவர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற இடம். என் வகுப்பில் இருக்கிறவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருந்திருக்கும். வலை இழுக்கிறவர்கள் பாட்டில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

லொட்ஜில் கணக்கு முடிக்கும்போது பொடியன் அதே கொப்பியை விரித்தான், கையெழுத்துப் போட. முதலாளி இன்னும் எழும்பவில்லை. என் வரியைப் பார்த்தேன். நான் வெறுமையாக விட்ட கட்டத்தில் வேறு மையில் ‘இ.த.’ என்று எழுதியிருந்தது.

“தம்பி, இது யார் எழுதினது?”

“முதலாளி. வெறுமையா விடக்கூடாதாம்.”

“இ.த. என்றால் இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா?”

அவன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். மேலே புரட்டினான். எல்லா வரியிலும் அதே இரண்டு எழுத்து, இடையிடையே ‘மு.’, இடையிடையே ‘சி.’. தலையைச் சொறிந்தான்.

“நான் ஒருநாளும் யோசிக்கேல்லை அண்ணா. உங்களுக்கு எது வசதியோ அப்பிடி எடுங்கோ.”

கண்டி பஸ் ஆறே முக்காலுக்கு. மீதிக் காசை எண்ணித் தந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தான்.